சுழல் படிக்குக் கைபிடி: கொழும்பு வீடுகளில் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

கொழும்பில் நாலைந்து பேர்ச் காணியில் வீடு கட்டி, மேலே ஒரு மாடி எடுத்து, அதை அனெக்ஸ் ஆக்கி வாடகைக்குக் கொடுக்கிற இடங்களில் வெளியே ஓர் இரும்புச் சுழல் படி நிற்கும். ஐந்தடிக்கு ஐந்தடி இடம் இருந்தாலே அதை வைத்துவிடலாம். படி வந்துவிடும், மேலே ஆட்களும் குடிவந்துவிடுவார்கள், கைபிடி மட்டும் "பிறகு பார்ப்போம்" என்று மாதக்கணக்கில் கிடக்கும்.

வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கம் இரும்பு வேலைக்கு அளவெடுக்கப் போகிற வீடுகளில் வீட்டுக்காரரும் வெல்டிங் பாஸ்மாரும் என்னிடம் கேட்கிறவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே கீழே போட்டிருக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது: மழையில் நனைந்த படியில், ஒரு கையில் சாமானோடு இறங்கி வருகிற ஆளை மனதில் வைத்துத்தான் கைபிடி செய்ய வேண்டும்.

நடுவில தூண் இருக்குதுதானே, அதைப் பிடிச்சு இறங்கினா காணாதா?

காணாது. சுழல் படியில் ஒவ்வொரு படியும் தூண் பக்கம் ஒடுங்கி, வெளிப்பக்கம் போகப் போக விரியும். தூணைப் பிடித்தால் உடம்பு தூணோடு ஒட்டும், கால் அந்த ஒடுங்கிய இடத்தில் போய் விழும், பாதத்தில் பாதி காற்றில் நிற்கும். அத்தோடு தூண் மூன்று நான்கு அங்குலத் தடிப்பு, விரல்கள் அதைச் சுற்றி முழுதாக மூடாது. கால் வழுக்கினால் கை தூணை உரசிக்கொண்டு கீழே போகுமே தவிர ஆளை நிறுத்தாது.

வெளிப்பக்கக் கைபிடி ஆளை அகலமான பக்கத்துக்கு இழுத்து நடக்க வைக்கிறது, அதன் பெரிய வேலையே அதுதான். அமெரிக்க வீட்டுக் கட்டட விதியில் சுழல் படியின் ஆழத்தை ஒடுங்கிய முனையிலிருந்து 12 அங்குலம் தள்ளித்தான் அளப்பார்கள், அந்த இடத்தில் குறைந்தது 6¾ அங்குலம் இருக்க வேண்டும். ஆள் நடக்க வேண்டிய கோடு அது. தூணைப் பிடித்தபடி ஒருவரும் அந்தக் கோட்டில் நடக்க முடியாது.

எந்தப் பக்கம் போடுறது? ரெண்டு பக்கமும் வேணுமா?

வெளிப்பக்கம் மட்டும் போதும். படி இன்னும் செய்யவில்லை என்றால் சுற்றுகிற திசையையும் யோசியுங்கள். மேலேயிருந்து பார்க்கும்போது கடிகார முள் போகிற திசையில் ஏறுகிற படியென்றால், ஏறும்போது தூண் வலப்பக்கமும் கைபிடி இடப்பக்கமும் இருக்கும், இறங்கும்போது கைபிடி வலக்கைக்கு வரும். வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு அதுதான் நல்லது. வீட்டில் அதிகம் ஏறி இறங்குகிறவர் இடக்கைக்காரர் என்றால் எதிர்த்திசையில் சுற்றச் சொல்லுங்கள். ஏற்கெனவே செய்த படி என்றால் திசையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், வெளிப்பக்கம் போட்டுவிடுங்கள்.

உயரம் எவ்வளவு? எங்கயிருந்து அளக்கிறது?

படியின் முன்விளிம்பிலிருந்து நேராக மேலே, கைபிடியின் மேற்பக்கம் வரை, 34 முதல் 38 அங்குலம். நடுப்படியில் அளக்காதீர்கள், பின்பக்கம் அளக்காதீர்கள். ஒவ்வொரு படிக்கும் முன்விளிம்பில் தூக்குக்குண்டு பிடித்து வெண்கட்டியால் குறியிட்டுவிட்டுத்தான் கைபிடியைத் தாங்குகிற நிமிர்ந்த கம்பிகளை வெட்ட வேண்டும். இரண்டு படிக்கிடையில் அரை அங்குலம் ஏறி இறங்கினால் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், இருட்டில் இறங்குகிற கைக்குக் கட்டாயம் தெரியும்.

மேல்தட்டில், அதாவது படி போய்ச் சேருகிற தளத்தில், தடுப்புக் குறைந்தது 36 அங்குலம் வேண்டும், 42 வைத்தால் இன்னும் நல்லது. அங்கே ஆட்கள் சாய்ந்துகொண்டு ஃபோன் கதைப்பார்கள், உடுப்புக் காயப்போடுவார்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் 24 அங்குல உயரத்தில் இரண்டாவது கைபிடி ஒன்று போட்டால் அதுகள் தாங்களாகவே பிடித்து இறங்கும்.

பைப் என்ன சைஸ்? கடையில 1½ இஞ்சி கேட்டா பெரிசாத் தாறாங்கள்.

இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். கைக்குள் அடங்க வெளிவிட்டம் 32 முதல் 50 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், அதிலும் 38 முதல் 42 வரை பெரும்பாலான கைகளுக்குப் பிடிமானமாக இருக்கும். பழைய சோனகத் தெருவில் போய் ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், கேட்டால் அவர்கள் சொல்கிற அளவு வெளிவிட்டம் கிடையாது, பெயரளவு. 1 அங்குல ஜி.ஐ. பைப்பின் வெளிவிட்டம் 33.7 மி.மீ., 1¼ என்றால் 42.4, 1½ என்றால் 48.3. ஆனால் எஸ்.எஸ்., அதாவது துருப்பிடிக்காத உருக்குக் குழாயில் 1½ அங்குலம் என்றால் வெளிவிட்டமே 38 மி.மீ.தான். ஆகவே ஜி.ஐ. என்றால் 1¼, எஸ்.எஸ். என்றால் 1½ கேளுங்கள்.

சுவர்த்தடிப்பும் பார்க்க வேண்டும். ஜி.ஐ.யில் 2 மி.மீ., எஸ்.எஸ்.இல் 1.5 மி.மீ.க்குக் குறைந்தால் வளைக்கும்போது உள்வளைவில் மடிப்பு விழும். சதுர பொக்ஸ் பார் மலிவு என்று சிலர் அதையே கைபிடியாகப் போடுகிறார்கள். அது சுழலில் முறுகி முறுகிப் போவதால் மூலை மேலே வந்து உள்ளங்கையை அறுக்கும், நான் அதற்குச் சம்மதிப்பதில்லை.

எவ்வளவு நீளம் வாங்கணும்? ஒரு பைப் காணுமா?

ஓர் உதாரணம் போடுவோம், மற்றப் பதில்களிலும் இதே படியைத்தான் வைத்துக் கதைக்கப்போகிறேன். 5 அடி விட்டமான படி, 3 மீட்டர், அதாவது ஏறக்குறைய 10 அடி உயரம். மேல்தட்டோடு சேர்த்து 13 ஏற்றம், அதற்குள் ஒரு முழுச்சுற்று. கைபிடியின் நடுக்கோடு தூணின் மையத்திலிருந்து 720 மி.மீ. தள்ளி இருக்கிறது.

சுற்றளவு 2 × 3.14 × 720, அதாவது 4.52 மீட்டர். இந்த 4.52ஐயும் உயரம் 3ஐயும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 5.43 மீட்டர் வரும். பதினெட்டு அடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. 20 அடிப் பைப் ஒன்று சுழலுக்குப் போதும், மிச்சத்தில் கீழ்முனையை நீட்டி மடக்கலாம். மேல்தட்டுத் தடுப்புக்கு வேறு பைப் வேண்டும், அதை முதலே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். படி ஒரு சுற்றுக்குக் கூடவோ குறையவோ என்றால் சுற்றளவை அந்த விகிதத்தில் பெருக்கிவிட்டுக் கூட்டுங்கள்.

படியிட வட்டத்துக்குச் சரியா வளைச்சுக் கொண்டுவந்தம், வைச்சுப் பார்த்தாப் பொருந்துதே இல்லை. ஏன்?

எனக்கு அதிகம் வருகிற கேள்வி இதுதான், பைப் வீணாகிறதும் பெரும்பாலும் இதால்தான். கைபிடி ஒரு வட்டம் கிடையாது. வட்டமாகச் சுற்றிக்கொண்டே மேலே ஏறுகிறது. ஏறுகிற எந்த வளைவும் தரையில் தெரிகிற வட்டத்தைவிட மெதுவாகத்தான் வளையும். ஸ்பிரிங் ஒன்றை இழுத்துப் பாருங்கள், இழுக்க இழுக்க அதன் சுற்று ஒடுங்கும். அதேபோல் 720 மி.மீ. ஆரத்துக்கு உருட்டிய பைப்பைச் சாய்த்து மேலே இழுத்தால் அது படிக்கு உள்ளே போய்விடும், வெளியே வரவே வராது.

கணக்கு சுகம். ஒரு முழுச்சுற்றில் ஏறுகிற உயரத்தை 6.28ஆல் வகுங்கள்: 3000ஐ வகுத்தால் 478. அதை வர்க்கப்படுத்தி ஆரத்தால், அதாவது 720ஆல் வகுங்கள்: ஏறக்குறைய 317. இதை ஆரத்தோடு கூட்டினால் 1037 மி.மீ. இந்த 1037தான் உருட்டுகிற பட்டறைக்குக் கொடுக்க வேண்டிய ஆரம். முதலில் கொடுத்ததற்கும் இதற்கும் ஓரடிக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது பாருங்கள்.

இப்படி உருட்டி வருகிற துண்டைத் தரையில் வைத்தால் முழுவட்டமாக மூடாது, ஏறக்குறைய 300 பாகையில் வாய் திறந்து நிற்கும். பிழையாக வளைத்துவிட்டார்கள் என்று திருப்பி அனுப்பாதீர்கள். கீழ்முனையை முதல் கம்பியில் கிளாம்ப் பண்ணிவிட்டு, ஒருவர் மேல்முனையைத் தூக்கிப் பிடிக்க, மற்றவர் படிப்படியாக ஒவ்வொரு கம்பியிலும் இறுக்கிக்கொண்டு போனால் அது தானாகச் சுற்றி வந்து உட்காரும். முழுதும் உட்கார்ந்த பிறகுதான் வெல்ட். ஒவ்வொரு கம்பியாக ஒட்டிக்கொண்டே போனால் கடைசியில் மிச்சமெல்லாம் மேலே வந்து சேர்ந்து இடிக்கும்.

எங்கட பாஸிட்ட உருட்டுற மெஷின் இல்லை. துண்டு துண்டா வெட்டி ஒட்டலாமா?

ஒட்டலாம், ஆனால் அது இரண்டாந்தரம் என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். கம்பிக்குக் கம்பி நேர்த்துண்டு வைத்தால் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மூலை வரும், அதைக் கிரைண்ட் பண்ணி மழுக்க வேண்டும். மழுக்க மழுக்க வெல்ட் மெலியும். வெளியே மழைபடுகிற படியென்றால் அந்த மூட்டுகளில் எங்காவது ஊசிமுனை ஓட்டை இருந்தால் தண்ணீர் உள்ளே போகும், பைப் உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே பெயின்ட் வடிவாகவே இருக்கும்.

மணல் நிரப்பிச் சூடாக்கி வளைக்கிற பழைய முறை கறுப்பு இரும்புப் பைப்புக்குச் சரிவரும். மணல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரமணலை இரண்டு பக்கமும் அடைத்துச் சூடாக்கினால் நீராவி அடைப்பைப் பிய்த்துக்கொண்டு வரும், ஆளைக் கொல்லக்கூடிய வேலை அது. ஜி.ஐ.யைச் சூடாக்கவே வேண்டாம், துத்தநாகப் பூச்சு எரிந்து போய்விடும். என்னைக் கேட்டால், பைப்பைத் த்ரீவீலரில் கட்டி ஏற்றிக்கொண்டு உருட்டித் தருகிற பட்டறைக்கு ஒருமுறை போய்வருகிற செலவு, துண்டு ஒட்டுகிற நாள்கூலியை விடக் குறைவு.

படிக்கு ஒரு கம்பி வைச்சாக் காணும் எண்டு பாஸ் சொல்றார். சரியா?

கைபிடியைத் தாங்குவதற்குக் காணும். பிள்ளை விழாமல் தடுக்கக் காணாது. மேலே போட்ட உதாரணத்தில் கைபிடிக் கோட்டில் ஒரு படியின் அகலம் ஏறக்குறைய 348 மி.மீ. படிக்கு ஒரு கம்பி என்றால் இடைவெளி ஓரடிக்கு மேல், தவழ்கிற பிள்ளை சுகமாக வெளியே போகும். 4 அங்குல உருண்டை நுழையக்கூடாது என்பதுதான் பல நாட்டு விதிகளில் உள்ள அளவு, சின்னப் பிள்ளையின் தலை நுழையக்கூடாது என்று வைத்தது. 16 மி.மீ. கம்பி படிக்கு மூன்று வைத்தால் இடைவெளி சரியாக 100 மி.மீ. வரும்.

கம்பிகள் நிமிர்ந்தே நிற்கட்டும். கைபிடிக்குச் சமாந்தரமாக இரண்டு மூன்று வரி குறுக்கே ஓட்டினால் பார்க்க வடிவுதான், ஆனால் பிள்ளைகளுக்கு அது ஏணி.

கைபிடி போட்ட பிறகும் ஆடுது. கம்பியைத் தடிப்பா மாத்தவா?

முதலில் எது ஆடுகிறது என்று பாருங்கள். ஒருவர் கைபிடியைத் தள்ள, மற்றவர் குந்தியிருந்து கம்பியின் அடியைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கம்பி நேராகவே நிற்கும், அது நிற்கிற படித்தகடுதான் வளைந்து கொடுக்கும். ஒரு கைபிடி எந்த இடத்திலும் 200 இறாத்தல், அதாவது 90 கிலோ தள்ளைத் தாங்க வேண்டும் என்பது வழமையான கணக்கு. அந்தத் தள்ளு 900 மி.மீ. உயரத்தில் வருகிறது. அடியில் இரண்டு பொல்ட் 75 மி.மீ. இடைவெளியில் இருந்தால், ஒற்றைக் கம்பி தனியாகத் தாங்கும்போது இழுபடுகிற பொல்ட்டில் 90 × 900 ÷ 75, அதாவது ஒரு தொன்னுக்கும் கொஞ்சம் கூட வரும். நல்ல 12 மி.மீ. பொல்ட் அதைத் தாங்கிவிடும். படிக்குப் போட்ட 3 மி.மீ. செக்கர் பிளேட் தகடு தாங்காது, வளையும். ஆகவே அடியில் 6 மி.மீ. தகட்டுத்துண்டு ஒன்று வைத்து இறுக்குங்கள், அல்லது கம்பியைப் படியின் மேலே நிறுத்தாமல் வெளிவிளிம்பின் பக்கவாட்டில் ஒட்டுங்கள்.

இன்னொரு நல்ல வழி, படிக்கு ஒரு கம்பியையாவது நீளமாக விட்டு, அது மேல்படியின் முன்மூலையையும் கீழ்ப்படியின் பின்மூலையையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரிச் செய்வது. படிகள் ஒன்றோடொன்று கட்டுண்டு விடுவதால் கைபிடி மட்டுமில்லை, படியே இறுகும். கடைசியாகக் கைபிடியின் இரண்டு முனைகளையும் பாருங்கள். மேல்முனை சுவரிலோ சிலாப்பிலோ பிடிக்காமல் அந்தரத்தில் நின்றால் எவ்வளவு தடித்த கம்பி போட்டாலும் ஆடும்.

ஜி.ஐ.யா எஸ்.எஸ்.ஸா? நாங்க கடற்கரைப் பக்கம்.

காலி வீதிக்குக் கடற்பக்கம், மரைன் டிரைவ் ஒட்டின வீடுகளில் உப்புக்காற்று எல்லாவற்றையும் தின்னும். எஸ்.எஸ். போடுவதென்றால் 316 என்ற தரத்தைக் கேளுங்கள், அதில் 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் இருப்பதால் உப்பால் வருகிற புள்ளித் துருவைத் தாங்கும். 304இல் கொஞ்ச நாளில் தேயிலைச்சாயம் மாதிரிக் கறை வரும், மாதமொருமுறை நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்தால் சமாளிக்கலாம். மலிவாக விற்கிற 202 வெளிவேலைக்கு வேண்டாம். காந்தம் வைத்துப் பார்த்து வாங்கினேன் என்பார்கள், 202உம் 304உம் இரண்டுமே காந்தத்தில் பெரிதாக ஒட்டாது, ஆகவே அந்தச் சோதனை இங்கே உதவாது. பில்லில் தரத்தை எழுதி வாங்குங்கள்.

கையில் காசு மட்டு என்றால் ஜி.ஐ. பைப்பும் ஒழுங்கான பெயின்டும் மட்டமான எஸ்.எஸ்.ஸைவிட நல்லது என்பதுதான் என் முடிவு. கடலிலிருந்து தள்ளி, வீட்டுக்குள் இருக்கிற படியென்றால் இவ்வளவு யோசிக்க வேண்டாம்.

எஸ்.எஸ். கைபிடியைச் சாதா இரும்புப் படியில வெல்ட் பண்ணலாமா?

பண்ணலாம், ஒட்டுகிற வெல்டிங் கூரு மாற வேண்டும். சாதா இரும்புக்குப் பாவிக்கிற 6013 கூரால் ஒட்டினால் மூட்டு வெடிக்கலாம், கட்டாயம் துருப்பிடிக்கும். இரண்டு உலோகமும் சேருகிற இடத்துக்கு 309எல் கூரு. இரண்டும் தொடுகிற இடம் நனைந்துகொண்டே இருந்தால் சாதா இரும்புதான் முதலில் அரிபடும், அதனால் மூட்டைச் சுற்றி இரும்புப் பக்கத்தை நன்றாகப் பெயின்ட் பண்ண வேண்டும். பொல்ட் போட்டு இணைக்கிறீர்கள் என்றால் இடையில் நைலோன் அல்லது ரப்பர் வொஷர் வைத்துப் பிரித்துவிடுங்கள்.

ஜி.ஐ. வெல்ட் பண்ணினா பாஸுக்குக் காய்ச்சல் வருமாமே, உண்மையா?

உண்மை. துத்தநாகம் எரிந்து வருகிற வெள்ளைப்புகையைச் சுவாசித்தால் சில மணித்தியாலத்தில் குளிர், காய்ச்சல், உடம்புநோவு வரும், பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும். பால் குடித்தால் வராது என்று பட்டறைகளில் சொல்வார்கள், அதை நம்பிப் புகைக்குள் நிற்கக்கூடாது. ஒட்டுகிற இடத்தைச் சுற்றி ஓர் அங்குலத்துக்குப் பூச்சைக் கிரைண்ட் பண்ணி எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில், காற்று வருகிற பக்கம் நின்று ஒட்டச் சொல்லுங்கள். தகுந்த முகமூடி வாங்கிக் கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை என்றே நினைக்கிறேன். ஒட்டிய பிறகு பூச்சுப் போன இடத்துக்குத் துத்தநாகப் பெயின்ட், அதன்மேல் மற்றப் பெயின்ட்.

மழைக்காலத்தில செய்யலாமா?

மே தொடக்கம் செப்டெம்பர் வரை கொழும்பில் எப்போது மழை என்று சொல்ல முடியாது, ஒக்டோபர் நவம்பர் அதைவிட மோசம். முடிந்த அளவு பட்டறையில் ஒட்டி, பெயின்ட் பண்ணிக் கொண்டுவந்து, வீட்டில் பொல்ட் மட்டும் இறுக்குங்கள். நனைந்த படியில் நின்று வெல்ட் பண்ண ஒருவரையும் விடாதீர்கள், மின்சாரம் தாக்கும். ஈரம் காயாத இரும்பில் அடித்த பெயின்ட் தோல் மாதிரி உரியும். பைப்பின் இரண்டு முனையையும் முழுதாக அடைத்து ஒட்டுங்கள். அடைக்க முடியாத இடமென்றால் தண்ணீர் வடிய ஆகக் கீழே ஒரு சின்னத் துளை விடுங்கள்.

வாடகை வீடு, வெல்ட் பண்ண வீட்டுக்காரர் விடமாட்டார். என்ன செய்ய?

ஒட்டாமலும் செய்யலாம். படியின் விளிம்பைக் கவ்வுகிற கிளாம்ப் செய்து அதில் கம்பியை நிறுத்தி, மேலே யூ பொல்ட்டால் கைபிடியைப் பிடிக்கலாம். ஆட்டம் பற்றி மேலே சொன்ன கணக்கு இதற்கும் பொருந்தும், கிளாம்ப் மெல்லியதாக இருந்தால் பிரயோசனம் இல்லை. போகும்போது கழற்றிக்கொண்டு போகலாம், ஆனால் விட்டுவிட்டுப் போங்கள் என்றுதான் சொல்வேன், அடுத்து வருகிறவர்களும் இறங்கத்தானே வேண்டும்.

கைபிடி போட்டா ஃபிரிட்ஜ், அல்மாரி மேல ஏத்த ஏலாதே?

சுழல் படியால் அல்மாரி ஏற்றுவது கைபிடி இல்லாவிட்டாலும் ஆபத்து. பெரிய சாமானைக் கயிறு கட்டி மேல்தட்டுப் பக்கம்தான் ஏற்ற வேண்டும். அதற்காக மேல்தட்டுத் தடுப்பில் மூன்றடித் துண்டு ஒன்றைக் கழற்றிப் பூட்டுகிற மாதிரிச் செய்யுங்கள். பைப்பின் உள்ளே இறுக்கமாக நுழைகிற ஒரு துண்டை வைத்து, தலை உள்ளே புதைகிற ஸ்குரூ போட்டால் மூட்டுக் கையில் தட்டாது. சாமான் ஏற்றிய அன்றைக்கே திரும்பப் பூட்டுங்கள்.

கைபிடி போட்டிட்டா எங்கட அம்மம்மா மேல போய் வரலாமா?

மெதுவாக, யாரும் கூடப் போனால் எப்போதாவது ஒருமுறை வரலாம். தினமும் என்றால் வேண்டாம். முழங்கால் நோவு, தலைச்சுற்று, கண்பார்வைக் குறைவு உள்ளவர்களுக்குச் சுழல் படி பொருந்தாது, அதை எந்தக் கைபிடியும் மாற்றாது. அவருக்குக் கீழே ஓர் அறை ஒதுக்குங்கள், வேலையை அங்கிருந்து தொடங்குங்கள்.

வேலை முடிஞ்சிட்டு எண்டு பாஸ் சொல்றார். காசு குடுக்க முதல் என்ன பார்க்கிறது?

பருத்தித் துணி ஒன்றைக் கையில் சுற்றி மேலிருந்து கீழே வரை கைபிடியில் இழுத்துக்கொண்டு இறங்குங்கள். நூல் சிக்குகிற இடத்தில் பிசிர் இருக்கிறது, கிரைண்ட் பண்ணச் சொல்லுங்கள். பிறகு வெறுங்கையால் கண்ணை மூடாமல் மெதுவாக இறங்குங்கள், கை எங்காவது விட்டுப் பிடிக்க வேண்டி வந்தால் அந்த இடம் சரியில்லை. கம்பியை மேலே ஒட்டியிருந்தால் விரல் இடிக்கும், அடிப்பக்கமாகப் பிடித்திருக்க வேண்டும். சுவருக்குக் கிட்டப் போகிற இடத்தில் கைக்கு 1½ அங்குல இடைவெளி இருக்கிறதா பாருங்கள். முனைகள் சுவர்ப்பக்கமோ கீழேயோ மடங்கியிருக்க வேண்டும், நீட்டி நிற்கிற முனையில் சேலைத் தலைப்பும் பையின் பட்டியும் மாட்டும்.

கடைசியாகக் கீழே நின்று நடுப்பகுதியை முழுப்பலத்தோடு வெளியே தள்ளிப் பாருங்கள். பொல்ட் போட்ட வேலையென்றால் ஒரு மாதம் கழித்து வந்து எல்லாவற்றையும் இன்னொருமுறை இறுக்கித் தர வேண்டும் என்று இப்போதே பேசி, அதற்கென்று கொஞ்சக் காசைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.